இடுப்பைத் திருப்பாமல் அடி

2025 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. எழுந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். ஆடிக்காற்றில் முருங்கைக் கொப்பு ஒன்று முறிந்து மதிலின்மேல் கிடந்தது. இலையை உருவி எடுத்துக்கொண்டு கொப்பை வெட்டிக் கட்டினேன். மீன்பிடித் தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டதால் மீன் மலிந்திருந்தது. சாளை வாங்கிக் கழுவி, பாதியைக் குழம்புக்கும் பாதியைப் பொரிக்கவும் பிரித்தேன். அடுத்த வாரத்துச் சேலைகளை இஸ்திரி போட்டு, கட்டப்போகும் வரிசையில் அலமாரியில் தொங்கவிட்டேன். பிறகு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாகர்கோவிலில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. அன்று கையில் இருந்தது பதினோராம் வகுப்பின் சுழற்சி இயக்கத் தேர்வு.

மகள் மதியம் பயிற்சி முடிந்து வந்தாள். அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், கல்லூரியின் பேஸ்பால் அணியில் ஆடுகிறாள். அவள் அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை என்பதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சோறு போட்டேன். அவள் ஸ்பூன் கேட்டாள்.

எங்கள் வீட்டில் சாளைக் குழம்பை யாரும் ஸ்பூனால் சாப்பிட்டதில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வீங்கி, தொட்டால் சுட்டது.

"என்னட்டி இது?"

"ஒண்ணுமில்லம்மா. சுளுக்கு."

"சுளுக்கு இப்படி முழுக் கையிலயும் வருமா? விழுந்தியா?"

"விழல்ல. அடிச்சு அடிச்சு வந்தது."

"இவ்வளவு நாளும் அடிச்சேல்லா? அப்ப வராதது இப்ப எப்படி வந்துச்சு?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இப்ப கைய மட்டும் வீசித்தான் அடிக்கணும். காலச் சேர்த்து வச்சு நிக்கணும். இடுப்பு திரும்பப் பிடாது. பி.டி. சார் சொல்லிட்டாரு. எல்லா பிள்ளைகளுக்கும் அப்படித்தான்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவள் எழுந்து, தட்டை அப்படியே வைத்துவிட்டு, அடுக்களை நடுவில் நின்று காட்டினாள். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிற பிள்ளையைப்போல நேராக நின்று, தோளிலிருந்து கையை மட்டும் வீசினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

பிறகு மீதியையும் சொன்னாள். சில வாரங்களுக்கு முன்னால் அவள் அடித்த ஒரு பந்து கல்லூரி மதிலைத் தாண்டித் தென்னந்தோப்பில் போய் விழுந்தது. தோழி ஒருத்தி அதை வீடியோ எடுத்தாள். அது கைமாறிக் கைமாறி முட்டத்தில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. அதை நானும் பார்த்தேன். நான் பார்த்தது ஒரு நேர்த்தியான சுழற்சி. மற்றவர்கள் என்ன பார்த்தார்கள் என்று "பிள்ள நல்லா ஆடுது" என்ற ஒரு வரியும் அதன் கீழே வரிசையாக வந்த சிரிப்புப் பொம்மைகளும் சொல்லின. அதன் பிறகு யாரோ ஒருவர் கல்லூரிக்கு ஃபோன் செய்து, பொம்பளப் பிள்ளைகளை நடுமைதானத்தில் இடுப்பை ஆட்டவிட்டு வேடிக்கை பார்க்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். மறுநாளே இந்தச் சட்டம் வந்துவிட்டது.

"இப்ப பந்து போகமாட்டேங்குதும்மா. அதனால ஃபார்ம் போச்சுன்னு சொல்லி யுனிவர்சிட்டி செலக்சனுக்கு எனக்க பேர எடுத்துட்டாரு. திங்கக்கிழமை லிஸ்ட் போவுது."

வேகத்தைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு வேகம் இல்லை என்று ஒதுக்குகிறார்கள். நான் விடைத்தாள்களைக் கட்டி வைத்தேன். அந்த நிலையில் திருத்தினால் எந்தப் பிள்ளைக்கும் நியாயமாக மதிப்பெண் போட்டிருக்கமாட்டேன்.

மட்டையின் வேகம் கையில் பிறப்பதில்லை. தரையில் பிறக்கிறது. அடிப்பவள் பின்காலால் தரையை உதைக்கிறாள், முன்காலை ஊன்றுகிறாள். தரை திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் முதலில் திரும்புவது இடுப்பு. அந்த நொடியில் தோள் இன்னும் பின்னாலேயே இருப்பதால் உடம்பு பிழிந்த துணிபோல முறுக்கிக்கொள்கிறது. முன்கால் விறைத்து இடுப்பைப் பிடித்து நிறுத்தும்போது, அந்தச் சுழற்சி தோளுக்கு ஏறுகிறது. தோள் நின்றதும் கைக்குப் போகிறது. கை தன் வேகத்தை மணிக்கட்டு வழியாக மட்டைக்குக் கொடுத்துவிட்டுத் தளர்கிறது. கனமான பகுதி நின்று தன்னிடம் இருந்ததைத் தன்னைவிட இலேசான பகுதிக்குக் கொடுப்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் ஏறுகிறது. கை ஓரளவு வேகத்தில் போகும்போது மட்டையின் நுனி அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் போகிறது. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பைச் சுற்றியும் இருக்கின்றன. அவற்றைக் கட்டிப்போட்டால், அவை செய்ய வேண்டிய வேலை முழுவதும் முன்கையின் மெலிந்த தசைகளில் வந்து விழும். அதைத்தான் என் மகளின் கையில் தொட்டுப் பார்த்தேன்.

பாதங்களை அகட்டி வைப்பதற்கும் காரணம் உண்டு. குலசேகரம் வழியாக மலையோரம் போகிற பேருந்தின் ஓட்டுநர் பெரிய ஸ்டியரிங்கை எப்படித் திருப்புகிறார் என்று வகுப்பில் கேட்பேன். ஒரு கை இந்த ஓரத்தில் இழுக்க, மறு கை எதிர் ஓரத்தில் தள்ளும். இரண்டு கைக்கும் இடையில் தூரம் இருப்பதால்தான் அது திரும்புகிறது. இரண்டு கையையும் சக்கரத்தின் நடுவில் சேர்த்து வைத்துத் திருப்பச் சொன்னால் முதல் வளைவிலேயே வண்டி பள்ளத்தில் இருக்கும். தரைமேல் பாதங்கள் செய்வதும் அதே வேலைதான். ஆண்டுதோறும் நான் நடத்துகிற பாடம் இது. இதைப் படித்துத் தேறியவர்கள் நடத்துகிற கல்லூரியில், காலைச் சேர்த்து வைத்து அடி என்று என் மகளிடம் சொல்கிறார்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். மாலைப் பயிற்சி தொடங்கியிருந்தது. கடற்கரைப் பிள்ளைகள், ரப்பர்த் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள், கொட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள், எல்லோரும் வரிசையாகக் காலைச் சேர்த்து நின்று காற்றில் மட்டையை வீசிக்கொண்டிருந்தார்கள். தண்டனை கொடுத்து நிறுத்திய வகுப்புபோல இருந்தது. பந்துகள் எல்லாம் கிட்டத்திலேயே உருண்டு கிடந்தன.

உடற்கல்வி இயக்குநரான பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"டீச்சர், நீங்க தப்பா எடுக்காண்டாம். நமக்குப் பிள்ளைகளுக்க பேரு கெட்டுரப்பிடாது. அதாக்கும் முக்கியம்."

"அவ கைய பாத்தீங்களா சார்?"

"ஐஸ் வச்சா சரியாயிரும்."

"கால அகட்டி வச்சா வராமலே இருந்திருக்கும். தரையில திருப்புவிசை வேணும்னா ரெண்டு பாதத்துக்கும் இடையில தூரம் வேணும். இது உங்களுக்குத் தெரியாதா?"

"டீச்சர், இது கிளாஸ் ரூம் இல்ல. நானும் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

"படிச்சிட்டுமா இப்படிச் சொல்லிக் குடுக்கீங்க?"

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கம்ப்ளெயின்ட் எங்கேருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா? வெளியாளு இல்ல. உங்க அண்ணன்தான் ஃபோன் பண்ணினாரு. முட்டத்திலேருந்து. தகப்பன் வெளிநாட்டுல, தாய்மாமன் நான்தான் பொறுப்புன்னு சொன்னாரு. அவரு வாயால எதிர்ப்பு இல்லைன்னு சொல்லட்டும். நான் பேரச் சேர்க்குறேன், அவ இஷ்டம்போல அடிக்கட்டும்."

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் இது அப்போதுதான் தெரிந்தது.

மைதானத்திலிருந்து நேராக முட்டத்துக்கு பஸ் ஏறினோம். என் அண்ணன் வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவன். மறுநாள் ஞாயிறு, கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்று மாலை கரையில்தான் இருந்தான். நாங்கள் போனபோது கலங்கரைவிளக்கம் இருக்கும் பாறைக்குக் கீழே, நாலைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், கிழிந்த வலையைக் காலில் மாட்டி முடிந்துகொண்டிருந்தான்.

"வா பிள்ளே. மருமவளும் வந்திருக்காளா? சாயா குடிக்கியளா?"

"சாயா வேண்டாம். காலேஜுக்கு ஃபோன் பண்ணினியா?"

அவன் ஊசியைக் கீழே வைக்கவில்லை. "பண்ணினேன். அதுக்கு இப்ப என்ன?"

"எனக்க மொவளப் பத்திப் பேச எனக்கிட்ட கேக்காண்டாமா?"

"கேட்டா நீ பாடம் நடத்துவ. நாளைக்கு இவளுக்கு ஒரு கல்யாண எடம் வந்தா அவனுவ முதல்ல பாக்கது ஃபோனத்தான். அதுல இவ இடுப்ப வெட்டிக்கிட்டு நிப்பா. எனக்கல்லா கேவலம்?"

"நீ வீச்சு வலை எறியும்போது ஒனக்க இடுப்பு எங்க போவுது? வீட்டுலயா விட்டுட்டுப் போற? கால அகட்டி, ஒடம்ப முறுக்கி, இடுப்பச் சுத்தித்தான எறியுற?"

"நான் எறியுறத எவன் வீடியோ எடுக்கான்? எடுத்தாலும் எவன் பாப்பான்?"

சீட்டாடியவர்களில் ஒருவர் தலையைத் தூக்காமலே, "நாங்க பாக்கமாட்டோம்டே, கவலப்படாத" என்றார். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் பையிலிருந்து அலுமினிய மட்டையை எடுத்து அண்ணனின் கையில் திணித்தேன்.

"எந்தி. கால ரெண்டையும் சேர்த்து வை. இடுப்பு அனங்கப் பிடாது. கைய மட்டும் வீசி அடி. நீ சொன்னதுனாலதான் இவளுவ எல்லாம் இப்படி அடிக்குதாளுவ. நீயும் அடி."

அவன் மறுத்திருப்பான். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் மறுக்க முடியவில்லை. காலிலிருந்து வலையைக் கழற்றிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். மகள் எதிரே போய் நின்று பந்தை இடது கையால் மெதுவாக எறிந்தாள். அவன் வீசினான். நாற்பது வருடமாகக் கடலில் துடுப்பும் வலையும் பிடித்த கை அது. பந்து மட்டையில் பட்டு அவன் காலடியிலேயே விழுந்தது. கைகள் ஒரு பக்கம் போக உடம்பு மறுபக்கம் தள்ளாடி, ஒரு முழங்காலை மணலில் ஊன்றிக்கொண்டான்.

"ஏலே, கப்பல் சரியுது!" என்று கத்தினார் சீட்டாடியவர்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னொண்ணு போடு மக்கா" என்று மகளிடம் சொன்னான். இந்த முறை நான் சொன்னதெல்லாம் மறந்துபோனான். வலது கால் தானாகப் பின்னால் போயிற்று. இடுப்பு சுற்றியது, தோள் பின்னால் வந்தது, கடைசியில் மட்டை வந்தது. பந்து, கரையில் கவிழ்த்திருந்த வள்ளங்களைத் தாண்டி, அலை நுரைக்கிற இடத்தில் போய் விழுந்தது. சீட்டாடியவர்கள் கை தட்டினார்கள்.

"இப்ப என்னத்த ஆட்டினேன்னு சொல்லு" என்றேன். "ஒனக்க தங்கச்சி கேக்கேன். எத ஆட்டினே?"

அவன் மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மனுசன் எப்டிட்டி காலச் சேர்த்து வச்சு அடிப்பான்?" என்றான், ஏதோ நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டவள்போல.

"பொம்பள அடிக்கலாம் இல்லியா?"

அங்கே வந்ததிலிருந்து மகள் அப்போதுதான் முதல்முறை வாய் திறந்தாள். "மாமா, திங்கக்கிழமை லிஸ்ட் போவுது. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்." தன் வீங்கிய கையை அவனிடம் நீட்டினாள். கெஞ்சவில்லை. பார்க்கட்டும் என்றுதான் நீட்டினாள்.

அவன் பார்த்தான். பிறகு ஃபோனை எடுத்து பி.டி. சாரை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டான்.

"சார், நான் முட்டத்துலேருந்து பேசுதேன். அன்னைக்கு ஒரு விசயம் சொன்னேம்லா, எனக்க மருமவளப் பத்தி. அது எனக்க புத்தியில்லாத்தனம். அத விட்டுருங்க. பிள்ள எப்படி வேணும்னாலும் அடிக்கட்டும்."

மறுமுனையிலிருந்து அவர் சொன்னார். "அப்படி ஒடனே விட்டுர முடியாது அண்ணாச்சி. நீங்க சொன்னப்பவே எனக்கும் சரின்னுதான் பட்டுது. நானே தினமும் பாக்கேம்லா. பின்னால நின்னு பாத்தா நல்லாவா இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அண்ணன் ஃபோனை முகத்துக்கு நேரே கொண்டுவந்தான். "ஓய், நீரு எதுக்கு பின்னால நிக்கீரு? பந்து முன்னாலல்லா வருது!"

"அண்ணாச்சி, நான் சொல்ல வந்தது…"

"நீரு பந்தப் பாக்கதுக்கா, இல்ல வேற எதையும் பாக்கதுக்கா சம்பளம் வாங்குதீரு?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அண்ணன் மறுபடி மறுபடி அழைத்தான். அவர் எடுக்கவில்லை. சீட்டாடியவர்கள் இப்போது சிரிக்கவில்லை. "இப்பமே நேர போவோம், எனக்க ஆளு நாலு பேர கூட்டிக்கிட்டு" என்று அண்ணன் கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி குதித்தான்.

எனக்கு அவன்மேலும் கோபம் வந்தது. அவன் இப்போது என் பக்கம் வந்துவிட்டான் என்பதற்காக அது தணியவில்லை.

"நீயும் அந்த வீடியோவுல பந்தப் பாக்கலியே அண்ணே" என்றேன். "அந்தாளு பாத்ததத்தான் நீயும் பாத்த. அதச் சொல்லிக் குடுத்ததே நீதான். இப்ப ஒனக்க மருமவள வேறொருத்தன் பாத்தான்னு ஒனக்குப் பொத்துக்கிட்டு வருது. லிஸ்ட்லேருந்து அவ பேரு போனது மட்டும் ஒனக்கு வலிக்கல்ல."

அவன் உட்கார்ந்து வலையை எடுத்து மடியில் போட்டான், ஊசியை எடுக்கவில்லை. நாங்கள் அவன் வீட்டுக்குள் போகவில்லை. சாயாவும் குடிக்கவில்லை. பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இனி எப்படியும் சேர்க்கமாட்டாரு, என்னம்மா" என்று கேட்டாள். மாமா ஃபோனில் சண்டை போட்டிருக்காவிட்டால் ஒருவேளை சேர்த்திருப்பார் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவும் தயாராக இருந்தாள். ஆடினால் போதும் அவளுக்கு. பேருந்து இரணியலைத் தாண்டும்போது, "நான் போய் சாரி சொல்லட்டுமா?" என்றாள்.

"எதுக்கு? இடுப்பு இருக்கதுக்கா?"

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்கு வந்து அவள் கையில் ஐஸ் வைத்துக் கட்டினேன். காலையில் பிரித்து வைத்த சாளையைப் பொரித்தேன். கோபத்தில் கருகவிட்டேன். அவள் அதையும் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. காலையில் முதல் வேலையாக, பூசைக்குப் போகும் முன்பே, கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் முதல்வர் வீட்டின் மணியை அழுத்தினேன். என் பக்கத்தில் மகள் நின்றாள். மகள் ஃபோனில் சொல்லி அறிந்து, அண்ணன் நான் கூப்பிடாமலே வந்து, பஸ் நிறுத்தத்திலிருந்து பின்னாலேயே நடந்து வந்திருந்தான். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அவனை வெளிக் கேட்டுக்கு அப்பால் நிறுத்தினேன்.

முதல்வர் ஒரு பெண். பல் தேய்த்த ஈரம் காயாத முகத்துடன் கதவைத் திறந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கையைக் காட்டச் சொல்லி மகளிடம் சொன்னேன். பி.டி. சார் ஃபோனில் சொன்ன வாக்கியத்தை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

அவர் உள்ளே போய்க் கைபேசியை எடுத்து வந்து எங்கள் முன்னாலேயே பி.டி. சாரிடம் பேசினார். "அந்தப் பிள்ளைக்க பேர லிஸ்ட்ல சேருங்க. ஆமா, இன்னைக்கே. எப்படி நிக்கணும்னு அவளுக்குத் தெரியும். மத்தத நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்." வைத்துவிட்டு, முடிந்தது என்பதுபோல என்னைப் பார்த்தார். "சந்தோசமா டீச்சர்?"

நான் பதில் சொல்வதற்குள் மகள் பேசினாள்.

"எனக்கு மட்டும் வேண்டாம் மேடம். மத்த பிள்ளைகளும் நாளைலேருந்து காலச் சேர்த்து வச்சுத்தான் நிக்கணுமா?"

சமையலறையிலிருந்து காப்பி கொண்டுவந்த பெண் வாசலிலேயே நின்றாள். முதல்வர் காப்பியை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதே எண்ணை மறுபடியும் அழைத்தார்.